பெரிய கோயிலில் ஒரு மரப்பெட்டி கேமராவும், பீரோவில் தூங்கும் லென்சும்

நம் பெரிய கோயில் கல்வெட்டை 1858லேயே ஒருவர் வரிசையாகப் புகைப்படம் எடுத்திருக்கிறார், தெரியுமா? பெயர் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன். 1856இல் சென்னை அரசாங்கம் இவரை அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றினார். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத நேரம்!

நெகட்டிவ் பெரும்பாலும் மெழுகு தடவிய காகிதம். நிமிடக் கணக்கில் லென்சைத் திறந்து வைத்தால்தான் படம் விழும். இந்தச் சாமான்களை வைத்துக்கொண்டு விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளப் படமாக்கினார். ஹுல்ட்ஷ் இந்தக் கல்வெட்டுகளைப் படித்து அச்சில் கொண்டுவந்தது 1890களில்தான். அதற்கு முப்பது வருடம் முன்பே படம் ரெடி.

யோசித்துப் பாருங்கள். 21 படமும் ஒன்றோடு ஒன்று சேரவேண்டும். ஒரு படத்தில் எழுத்து பெரிதாகவும் அடுத்ததில் சின்னதாகவும் இருந்தால் கதை கந்தல். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பின்பக்கத் தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்து, கையால் ஃபோகஸ் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. இன்று 'மேனுவல் ஃபோகஸ்' என்று ஸ்டைலாகச் சொல்கிறோமே, அது இதுதான்.

(1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், செலவு அதிகம் என்று இந்த வேலையையே நிறுத்திவிட்டார். பி.காம் மாணவனாக எனக்கு இதில் ஒரு வருத்தம். செலவுக் கணக்கு சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தச் செலவில் உண்டான சொத்தை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.)

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தக் கால மரப்பெட்டி கேமராவில் இன்னொரு வசதி இருந்தது. பித்தளைக் குழலில் இருக்கும் லென்சை ஒரு மரப்பலகையில் ஓட்டை போட்டுத் திருகி, பலகையைக் கேமராவின் முன்னால் செருகுவார்கள். வேறு லென்ஸ் வேண்டுமா? ஆசாரியிடம் சொல்லி இன்னொரு பலகை. லென்சுக்கும் நெகட்டிவுக்கும் இடையில் துருத்தி மாதிரி மடிப்பு இருந்ததால், தூரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அதாவது அன்றைக்கு 'அடாப்டர்' விலை ஒரு ஆசாரி கூலி.

35 மி.மீ. ஃபிலிம் கேமராக்கள் வந்ததும் இந்தச் சுதந்திரம் போயிற்று. பெட்டி இரும்புபோல இறுகிவிட்டது, துருத்தி கிடையாது. லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து ஃபிலிம்வரை உள்ள தூரம் நிலையானது. இந்தத் தூரம்தான் இந்தக் கட்டுரையின் ஹீரோ. 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமராவில் 46.5 மி.மீ. பழைய பென்டாக்ஸ், பிராக்டிகா, ரஷ்ய ஜெனித் எல்லாம் பயன்படுத்திய எம்42 திருகு மவுண்ட்டில் சுமார் 45.5. கேனான் எஃப்டி என்றால் 42. ஏன் இவ்வளவு? லென்சுக்குப் பின்னால் மேலும் கீழும் ஆடும் ஒரு மிரருக்கு இடம் வேண்டுமே! ஆளுக்கொரு அளவு, ஆளுக்கொரு பூட்டு. ஒரு கம்பெனியின் நாலு லென்ஸ் வாங்கிவிட்டால் அடுத்த கேமராவும் அங்கேதான். மார்க்கெட்டிங் வாத்தியார் ஒரு மணி நேரம் விளக்கும் விஷயத்தை ஒரு மில்லிமீட்டர் கணக்கு விளக்கிவிடுகிறது :-)

உச்சகட்டம் 1987. கேனான் ஆட்டோ ஃபோகசுக்காக இஎஃப் என்று புது மவுண்ட் கொண்டுவந்தது. அதன் தூரம் 44. பழைய எஃப்டி லென்சுக்கு 42 வேண்டும். எனவே மாட்டினாலும் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் தெளியும், தூரத்துக் கோபுரம் மங்கல். அந்த 2 மி.மீ.யால் அத்தனை எஃப்டி லென்சும் ஒரே நாளில் அநாதை ஆயின. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் வந்தன, ஆனால் படத்தின் தரம் அடிவாங்கியது.

எங்கள் டெல்டாவில் கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று எந்த ஊர் பழைய ஸ்டுடியோவிலும் இப்படிப்பட்ட லென்ஸ் ஒன்றிரண்டு பீரோவில் இருக்கும். இறக்குமதி வரி கொளுத்திய காலத்தில் கடன் வாங்கி வாங்கியவை. எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை பொங்கல் மாட்டு வண்டி அதன் வழியாகப் போயிருக்கும்! டிஜிட்டல் வந்தது. ஊட்டியில் 1967இல் ஃபிலிம் தயாரிக்க ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையே மூடிப்போனது. ஃபிலிம் கேமராவுக்குத் தேய்மானம் போட்டுப் பூஜ்யமாக்கி, லென்சையும் சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டவர்கள் உண்டு.

2008இல் பானசோனிக் ஜி1 வந்தது. மாற்று லென்ஸ் போடலாம், ஆனால் உள்ளே மிரர் இல்லை. தூரம் சுமார் 19 மி.மீ.யாகக் குறைந்தது. 2010இல் சோனி நெக்ஸ், 18 மி.மீ. இப்போது கழித்தல் கணக்கு போடுங்கள். எஃப்டி லென்சின் 42இல் 18 போனால் 24. இருபத்துநாலு மி.மீ. உயரத்தில் ஒரு வெற்றுக் குழாய், அவ்வளவுதான் அடாப்டர்! உள்ளே கண்ணாடி கிடையாது, காற்று மட்டும். நிக்கானுக்கு 28.5. எல்லா லென்சும் எல்லாக் கேமராவிலும், ஆசாரி காலம் திரும்பிவிட்டது. ஆனால் ஒரு குறை, அந்தக் கேமராக்களின் சென்சார் சிறியது. பழைய 50 மி.மீ. லென்ஸ் ஜி1இல் 100 மி.மீ. மாதிரி நெருக்கிக் காட்டும். 2013இல் முழு ஃபிலிம் அளவு சென்சாரோடு சோனி ஏ7 வந்த பிறகுதான் அந்த லென்சுகள் பழையபடி முழுசாகப் பார்த்தன.

ஃபோகஸ் கஷ்டம்தானே என்பீர்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம், தெளிவான விளிம்புகளில் வண்ணக்கோடு போட்டும் காட்டும். ஆனாலும் தாலி கட்டும்போது இதை வைத்து எடுக்கமாட்டேன். மூன்று முடிச்சுக்குள் திருகிக்கொண்டிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா விடமாட்டார்கள். கோயில் கல்வெட்டு என்றால் பிரச்சினையே இல்லை, கல் ஓடிப்போகாது.

வீட்டிலோ தெரிந்த ஸ்டுடியோவிலோ லென்ஸ் கிடைத்தால், முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊர் பீரோக்களுக்கு இது சீதனம். விட்டுவைத்தால் கண்ணாடி மேலுள்ள பூச்சையே அரித்துவிடும். அரிசிப் பானைக்குள் போட்டால் ஈரம் போகும் என்பார்கள், நெற்களஞ்சியக்காரர்கள் ஆயிற்றே! தவிடுதான் உள்ளே போகும், வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

மவுண்ட் என்ன என்று பார்த்து அதற்கான குழாயை வாங்குங்கள். மாட்டியதும் பல கேமராக்கள் 'லென்சே இல்லை' என்று அடம்பிடிக்கும். வெற்றுக் குழாய் வழியாகக் கேமராவுக்கு எந்தச் செய்தியும் போகாதல்லவா. மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம் என்று ஒரு அனுமதி இருக்கும், அதைத் தேடி ஆன் செய்துவிடுங்கள்.