கட்டத்தைத் தட்டினால் டியூன் ரெடி: இசை தெரியாதவர்களுக்கான இசைக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன?

சின்ன வயதில் கீபோர்டு கிளாஸில் சேர்ந்து, மூணே மாசத்தில் நிறுத்தியவரா நீங்கள்? உங்களைப் போல நிறைய பேர் உண்டு. நோட்டேஷன் புரியாது, விரல் ஒத்துழைக்காது, தப்பான கட்டையில் கை பட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அதோடு ஆசை போய்விடும்.

இப்போது போனில் 'சாங் மேக்கர்' பக்கத்தைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கட்டங்களைத் தட்டுங்கள். பிளே பட்டனை அழுத்தினால் கேட்கும்படியான ஒரு டியூன் ஓடும். இது எப்படி?

இது என்ன?

கூகுள் 2016 மார்ச்சில் வெளியிட்ட 'குரோம் மியூசிக் லேப்' தொகுப்பில் உள்ள ஒரு கருவிதான் சாங் மேக்கர். இது 2018-ல் சேர்ந்தது. எல்லாமே பிரௌசரில் ஓடும். டவுன்லோடு, லாகின், கட்டணம் எதுவும் கிடையாது. தொகுப்பில் வேறு விளையாட்டுகளும் உண்டு. 'கண்டின்ஸ்கி'யில் நீங்கள் கிறுக்கும் கோடும் வட்டமும் ஒலியாக மாறும். ஓவியத்தை இசையோடு சேர்த்து யோசித்த ரஷ்ய ஓவியர் வாசிலி கண்டின்ஸ்கியின் பெயர் அது.

படம் எப்படிப் பாட்டாகிறது?

எக்ஸெல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சுலபம். சாங் மேக்கர் ஒரு சார்ட். இடமிருந்து வலமாக நேரம் போகிறது. கீழிருந்து மேலே சுருதி ஏறுகிறது. திறந்தவுடன் 4 பார், ஒவ்வொன்றிலும் 4 பீட், ஒவ்வொரு பீட்டும் இரண்டாகப் பிரிந்திருக்கும். மொத்தம் 32 பத்திகள். அடியில் தாளத்துக்குத் தனி வரிசை.

ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு நிறம். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வந்தாலும் நிறம் மாறாது. 'கீழ் ச-வும் மேல் ச-வும் ஒரே குடும்பம்' என்று யாரும் பாடம் எடுக்காமலே குழந்தைக்குப் புரிந்துவிடும்.

எதைத் தட்டினாலும் ஏன் நன்றாக இருக்கிறது?

ரகசியம் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஸ்தாயியில் 12 சுருதி இடங்கள் உண்டு. சாங் மேக்கர் முதலில் காட்டுவது மேஜர் ஸ்கேலின் 7 ஸ்வரங்களை மட்டுமே. நம் கணக்கில் அது சங்கராபரணத்தின் ஸ்வர வரிசை. செட்டிங்ஸில் 'பென்டடோனிக்' என்று மாற்றினால் 5 ஸ்வரங்கள்தான் மிஞ்சும்: ச, ரி, க, ப, த. ஆமாம், மோகனத்தின் அதே ஐந்து.

ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலித்தால்தான் காது அதிகம் உறுத்தும். இந்த ஐந்தில் அப்படி ஒரு ஜோடிகூட இல்லை. தப்பு செய்வதற்கான இடத்தையே எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு முன்பே இந்த உத்தி உண்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் கற்பித்தல் முறையில், குழந்தைகள் தட்டும் சைலஃபோனிலிருந்து சில கட்டைகளைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

இது புது யோசனையா?

இல்லை. 11-ம் நூற்றாண்டு இத்தாலியில் கைடோ என்ற துறவி, பாடகர்கள் சுருதியைச் சட்டென அடையாளம் காண இசைக்கோடுகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் பூசினார். 1977-ல் இசையமைப்பாளர் யானிஸ் செனாக்கிஸின் 'யுபிக்' இயந்திரம் பாரிஸில் உருவானது. பலகையில் கோடு வரைந்தால் அது ஒலிக்கும். 2007-ல் ஜப்பானியக் கலைஞர் தோஷியோ இவாய், யமஹாவுடன் சேர்ந்து 'டெனோரி-ஆன்' கருவியைக் கொண்டுவந்தார். 16-க்கு 16 என 256 ஒளிரும் பட்டன்கள். சாங் மேக்கரின் கட்டங்களைப் பார்த்தால் அந்தச் சாயல் தெரியும்.

கட்டத்துக்குள் அடங்காதது எது?

கமகம். கட்டங்களுக்கு நடுவே இடமே கிடையாது. ஒரு ஸ்வரம் ஒலிக்கும் அல்லது ஒலிக்காது. மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களைத் தட்டினால் அதன் ஆரோகணம் கேட்கும், மோகனம் கேட்காது. தோடி காந்தாரத்தின் அசைவையோ, இந்துஸ்தானியின் மீண்டையோ எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்?

இது சின்ன விஷயம் இல்லை. முதன்முதலில் தொட்ட கருவியே 'இசை என்றால் இதுதான்' என்று குழந்தையின் மனதில் பதியக்கூடும். கட்டம் போட்டவர்கள் பியானோவை மனதில் வைத்துப் போட்டார்கள். வீணையை மனதில் வைத்திருந்தால் திரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

மாற்று வழியும் அதே தொகுப்பில் இருக்கிறது. 'ஸ்பெக்ட்ரோகிராம்' பக்கத்தில் மைக்கை ஆன் செய்து பாடுங்கள். அசைக்காமல் பிடித்த ஸ்வரம் நேர்க்கோடாக ஓடும். கமகம் அலையாக நெளியும். பாட்டி பாடினாலும் தெரியும், பாப்பா பாடினாலும் தெரியும்.

எப்படி ஆரம்பிக்கலாம்?

* பென்டடோனிக்கில் தொடங்குங்கள். குழந்தை இஷ்டத்துக்குத் தட்டட்டும், திருத்த வேண்டாம்.
* பிறகு 12 சுருதியும் உள்ள 'குரோமாடிக்' ஸ்கேலுக்கு மாறி மறுபடி தட்டச் சொல்லுங்கள். எது உறுத்துகிறது என்று குழந்தையே சொல்லும். காது பழகுவது இங்கேதான்.
* ஒரு பாருக்கு 7 பீட் வைத்து, 3+4 ஆகத் தாளம் போட்டுப் பாருங்கள். மிஸ்ர சாபு நடை கிடைக்கும்.
* கடைசியாக ஸ்பெக்ட்ரோகிராமில் இருவரும் மாறி மாறிப் பாடுங்கள்.

வாத்தியாருக்கு இது மாற்றா என்று கேட்டால், கிடையாது. சுருதி விலகினால் சாங் மேக்கர் சொல்லாது, கை வைக்கும் விதத்தைத் திருத்தாது. ஆனால் மூணு மாசத்தில் கிளாஸை விட்ட நமக்கு அன்று வேண்டியிருந்தது, தப்பு செய்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பத்து நிமிஷம். அதை இது தருகிறது. அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு, கட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று காட்டுவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் வேலை.