மாட்டுங்கா: ஒரு புறநகரும் அது உருவாக்கிய பெயரும்

'புறநகர்' என்னும் சொல் எளிமையானதாகத் தோன்றும். நகருக்குப் புறத்தே உள்ளது புறநகர். ஆனால் நகர வரலாற்றில் இந்தச் சொல் பலமுறை ஏமாற்றியிருக்கிறது. பம்பாயின் மாட்டுங்கா அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாநகராட்சியின் எல்லைக் கணக்கில் மாட்டுங்கா ஒருபோதும் புறநகராக இருந்ததில்லை. 1920இல் பம்பாய் புறநகர் மாவட்டம் தனியாக அமைக்கப்பட்டபோதும் அது சயானுக்கு வடக்கே, சால்செட் தீவிலிருந்தே தொடங்கியது. மாட்டுங்காவோ தீவு நகரின் வட எல்லைக்குள் இருந்தது. ஆயினும் பம்பாயில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட முதல் புறநகர் எது என்று கேட்டால், தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் ஆகியவற்றை உள்ளடக்கிய அந்த நிலப்பரப்பையே வரலாற்றாய்வாளர்கள் சுட்டுவர். நெரிசலான நகர மையத்திலிருந்து விலகி, ரயிலிலும் டிராமிலும் அலுவலகம் சென்று திரும்பும் குடும்பங்களின் வாழ்க்கை முறையே அதைப் புறநகர் ஆக்கியது.

அந்தப் புறநகர் கொள்ளைநோயிலிருந்து பிறந்தது. 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோயை மருத்துவர் அகாசியோ வீகஸ் கண்டறிந்தார். அடுத்து வந்த மாதங்களில் பல்லாயிரக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினர். ஆலைகள் ஆளின்றித் தவித்தன. துறைமுக வணிகம் அச்சுறுத்தலுக்கு உள்ளானது. நோயின் காரணத்தைக் காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளில் தேடிய காலனிய அரசு, 1898இல் தனிச் சட்டம் இயற்றிப் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவியது. நெரிசலான பகுதிகளை இடித்துச் சாலைகள் அமைப்பது அதன் ஒரு பணி. தீவின் வடக்கே ஆளரவம் குறைந்த நிலங்களைக் கையகப்படுத்தி மனைகளாக்குவது மற்றொரு பணி. இடிப்பினால் வீடிழந்தவர்கள் அடுத்த தெருவிலேயே நெருங்கிக் குடியேறியதால் முதற்பணி அதன் நோக்கத்துக்கே பகையாயிற்று. எனவே இரண்டாவது பணியின் மீது நம்பிக்கை வளர்ந்தது.

வெற்று நிலம் என்று வரைபடத்தில் காட்டப்பட்டவை வெற்று நிலங்கள் அல்ல. நெல் வயல்களும் காய்கறித் தோட்டங்களும் சிற்றூர்களும் அங்கே இருந்தன. மாட்டுங்காவில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பீரங்கிப் படையின் பாசறையும் இருந்தது. ஊரின் பெயர் யானையைக் குறிக்கும் 'மாதங்க' என்ற சொல்லிலிருந்து வந்ததென்றும், பீமதேவ மன்னனின் யானைக் கொட்டில்கள் அங்கே இருந்தன என்றும் ஒரு வழக்கு உண்டு. பெயர்க்காரணம் எதுவாயினும், அந்நிலத்தில் உழுதவர்கள் புதிய புறநகரின் குடிகளாகத் திட்டத்தில் இடம்பெறவில்லை. திட்டமிட்ட நகரமைப்பின் வரலாற்றை முதல் மனையிலிருந்து தொடங்கும் வழக்கம், அதற்கு முந்தைய இந்த வெளியேற்றத்தை முன்னுரையாகச் சுருக்கிவிடுகிறது.

நிலம் எடுக்கப்பட்டவுடன் புறநகர் எழுந்துவிடவில்லை. சாலைகள், வடிகால்கள், மனைப் பிரிவுகள் ஆகியவை மெல்ல உருவாயின. முதல் உலகப் போர் கட்டுமானத்தைப் பின்னுக்குத் தள்ளியது. இடைப்பட்ட காலத்தில் டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே. பி. ஆர், வீட்டுக்குள் வெளிச்சம் புகுவதை ஒரு கோணமாகவே கணக்கிட்டார். கட்டடத்தின் உயரத்துக்கும் எதிரே விடப்படும் திறந்த வெளிக்கும் இடையிலான உறவு 63½ டிகிரிக் கோணத்தை மீறக் கூடாது என்பது அவர் வலியுறுத்திய விதி. இங்கிலாந்தில் பேசப்பட்ட 45 டிகிரியைப் பம்பாயின் நிலவிலைக்கேற்பத் தளர்த்தியதன் விளைவே இந்த எண். இன்றும் மாட்டுங்காவின் பழைய தெருக்களில் கட்டடங்களுக்கிடையே ஒரு சீரான இடைவெளி கண்ணில் படுகிறதென்றால், அதற்குப் பின்னால் பிளேக் அச்சத்திலிருந்து பிறந்த இத்தகைய கணக்குகள் உள்ளன.

1920களிலும் 1930களிலும் நிலைமை மாறியது. மத்திய ரயில்வேயின் முன்னோடியான ஜி.ஐ.பி. ரயில்வே 1915இல் மாட்டுங்காவில் பணிமனை அமைத்திருந்தது. விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் 1923இல் பைகுல்லாவிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. 1937இல் ரூயா கல்லூரியும் கால்சா கல்லூரியும், 1941இல் போதார் கல்லூரியும் தோன்றின. கிங்ஸ் சர்க்கிள் வரை டிராம் வந்தது. அலுவலகமும் கல்லூரியும் போக்குவரத்தும் ஒன்றையொன்று வளர்த்தன.

ஆனால் எழுந்த வீடுகள், ஐரோப்பியப் புறநகரை நினைவூட்டும் தோட்ட வீடுகளாக அமையவில்லை. மூன்று அல்லது நான்கு மாடிக் கட்டடங்களில் அடுக்கடுக்கான வாடகைக் குடியிருப்புகளே மிகுந்தன. இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்த நிகில் ராவ் தம் நூலுக்கு 'வீடுண்டு, தோட்டமில்லை' என்று பொருள்படும் தலைப்பை இட்டது இதனால்தான். இந்த அடுக்ககங்களைப் பழைய சால்களிலிருந்து பிரித்தது உயரமோ அழகோ அன்று. கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதே. சாலில் ஒரு தளத்தின் குடும்பங்கள் அனைத்தும் தாழ்வாரத்தின் கோடியில் உள்ள பொதுக் கழிப்பறையைப் பகிர்ந்துகொண்டன. புதிய குடியிருப்பிலோ சமையலறை, குளியலறை, கழிப்பறை அனைத்தும் ஒரே கதவுக்குள் அடங்கின.

தஞ்சாவூரிலோ பாலக்காட்டிலோ அக்ரகார வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு இது சிறிய மாற்றமன்று. கொல்லைப்புறத்தின் கடைக்கோடிக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஒன்று, அடுக்களைக்கு ஒரு சுவர் தள்ளி வந்து நின்றது. ஆசாரத்தின் அளவுகோல் தூரமாக இருந்தவரை இது ஏற்க முடியாதது. சாக்கடை இணைப்பும் தண்ணீர்க் குழாயும் வந்த பிறகு, தூரத்தின் இடத்தைச் சுவரும் கதவும் எடுத்துக்கொண்டன. அதே நேரத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. பொதுத் தாழ்வாரமும் பொதுக் குழாயடியும் மறைந்ததால், பிற சாதியினரோடு நாள்தோறும் நேரும் தவிர்க்கவியலாத தொடர்பு குறைந்தது. நவீனம் என்று போற்றப்பட்ட தனிக் குடியிருப்பு, பழைய விலக்கலைப் புதிய கருவியால் நீட்டித்தது.

இக்குடியிருப்புகளை நிரப்பியவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்திலிருந்தும் கொச்சி, திருவிதாங்கூர், மைசூர் சமஸ்தானங்களிலிருந்தும் வந்தவர்கள். ஆங்கிலக் கல்வி, சுருக்கெழுத்து, தட்டச்சு ஆகியவையே அவர்களுடைய முதலீடு. ரயில்வே அலுவலகங்களும் வணிக நிறுவனங்களும் அரசுத் துறைகளும் அவர்களை எழுத்தர்களாகச் சேர்த்துக்கொண்டன. முதலில் இளைஞர்கள் தனியாக வந்தனர். ஓர் அறையைப் பலர் பகிர்ந்து மெஸ்ஸில் உண்டனர். பிறகு மனைவி, பெற்றோர், தம்பி என்று குடும்பம் தொடர்ந்தது. 1942இல் ஏ. ராமா நாயக் மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் போன்ற உணவகங்கள், வீடு அமையாதவர்களுக்கு வீட்டுச் சோற்றை அளித்தன. தமிழர் உண்ட அந்தச் சோற்றைச் சமைத்து வழங்கியவர்கள் துளுவும் கன்னடமும் பேசியவர்கள் என்பது கவனத்துக்குரியது.

இங்கேதான் மாட்டுங்காவின் முதன்மையான வரலாற்றுப் பங்களிப்பு தொடங்குகிறது. திருநெல்வேலியில் இருந்தவரை ஒருவர் தம்மைத் 'தென்னிந்தியர்' என்று சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. அங்கே சாதி, ஊர், மொழி ஆகியவையே முகவரி. மாட்டுங்காவில் ஐயர், ஐயங்கார், மேனன், நாயர், ராவ், பட் ஆகியோர் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினர். வீட்டு உரிமையாளருக்கும் அலுவலக மேலாளருக்கும் அவர்கள் அனைவரும் 'மதராசி'களே. வெளியார் இட்ட அந்தப் பெயரை மறுத்து, சற்று மதிப்பான மாற்றுப் பெயரை அவர்கள் தேர்ந்தனர். 1932இல் எம். வி. வெங்கடேஸ்வரன் நிறுவிய கல்விச் சங்கம் 'தென்னிந்தியக் கல்விச் சங்கம்' என்றே பெயர் பெற்றது. 1960இல் அது சயானில் கல்லூரி கண்டது. வடாலாவில் தென்னிந்திய நலச் சங்கமும், மாட்டுங்காவில் தென்னிந்திய பஜனை சமாஜமும் அதே பெயரைத் தாங்கின. நான்கைந்து மொழிகளையும் பல சாதிகளையும் ஒரே பெயருக்குள் அடக்கிய இந்த வகைமை தெற்கே விளைந்ததன்று. புலம்பெயர்ந்த புறநகரின் வாடகைக் கட்டடங்களில் விளைந்தது.

ஒரு வகைமை யாரைச் சேர்க்கிறது என்பதைப் போலவே யாரை விடுகிறது என்பதும் முக்கியம். டிரஸ்டின் நிலங்களில் சமூகவாரியான குடியிருப்புகள் இயல்பாகவே ஏற்கப்பட்டன. டிரஸ்டில் பொறியாளராகப் பணியாற்றிய மஞ்சர்ஜி எதுல்ஜி ஜோஷியின் முயற்சியால் 103 மனைகள் பார்சிகளுக்கென ஒதுக்கப்பட்டு, தாதர் பார்சி காலனி உருவானது. அருகே இந்து காலனி எழுந்தது. ரயில் பாதையைத் தாண்டி மேற்கே, சற்று வடக்கே, இதே காலத்தில் மற்றொரு தமிழர் குடியேற்றமும் வளர்ந்துகொண்டிருந்தது. அது தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த இசுலாமியத் தோல் வணிகர்களும், தோல் பதனிடும் தொழிலில் உழைத்த ஆதிதிராவிடரும், நாடார்களும் அங்கே குடியேறினர். அங்கே வெளிச்சத்தின் கோணத்தை யாரும் அளக்கவில்லை. மாட்டுங்காவின் எழுத்தரும் தாராவியின் தொழிலாளியும் ஒரே மாவட்டத்திலிருந்து ஒரே தடத்தில் ரயிலேறி வந்திருக்கக்கூடும். இறங்கிய பிறகு பாதையின் எப்பக்கம் திரும்புவது என்பதைச் சாதியும் கல்வியும் தீர்மானித்தன.

தாராவியின் ஒரு பகுதிக்கு இன்றும் 'மாட்டுங்கா லேபர் கேம்ப்' என்றே பெயர். மேலும், அங்கே உருவான அமைப்பு தன்னைப் 'பம்பாய் தென்னிந்திய ஆதிதிராவிட மகாஜன சங்கம்' என்று அழைத்துக்கொண்டது. மாட்டுங்காவின் சங்கங்கள் 'தென்னிந்தியர்' என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் எதையும் சேர்க்கவில்லை; சேர்க்கத் தேவையில்லாத இடத்தில் அவை இருந்தன. தாராவியின் சங்கமோ அதே சொல்லை உரிமையோடு எடுத்துக்கொண்டு, தன் சாதியையும் வெளிப்படையாக எழுதியது. அடைமொழியற்ற பெயர் அனைவருக்கும் பொதுவானது போலத் தோன்றினாலும், அது ஆதிக்கத்தின் மௌனமாகவும் இருக்கலாம் என்பதை இவ்விரு பெயர்ப்பலகைகளும் அருகருகே நின்று காட்டுகின்றன.

இந்த எல்லையைக் கடந்த ஒருவரின் பாதையும் இதே நிலத்தில் பதிந்திருக்கிறது. அம்பேத்கர் நீண்ட காலம் வாழ்ந்தது பரேலில், மேம்பாட்டு டிரஸ்ட் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சாலின் அறைகளில். 1930களில் அவர் தாதர் இந்து காலனியில் 'ராஜகிருகம்' என்னும் வீட்டைத் தம் நூல்களுக்கென்றே திட்டமிட்டுக் கட்டிக் குடியேறினார். அதே டிரஸ்டின் சாலிலிருந்து அதே டிரஸ்டின் புறநகருக்கான அந்தச் சில மைல் தூரம், பம்பாயின் சமூக வரலாற்றில் மிக நீண்ட பயணங்களுள் ஒன்று. பரேலிலிருந்து மாட்டுங்கா வழியாகச் சயான் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு, மாட்டுங்கா உருவாக்கிய பெயரே அதற்கு எதிராகத் திரும்பியது. 1960 மே 1 அன்று பம்பாயைத் தலைநகராகக் கொண்டு மகாராஷ்டிரம் பிறந்தது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட 'மார்மிக்' இதழ், நிறுவனங்களில் உயர்பதவி வகித்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை நிறுவப்பட்டது. எழுத்தர் வேலைகளில் மராத்தி இளைஞர்களுக்கு இடமில்லை என்ற உண்மையான ஏக்கம், அடையாளம் காண எளிதான ஓர் இலக்கைத் தேடியது. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. மொழிவேறுபாடுகளை மறந்து ஒரே பெயரில் திரண்டவர்களை, அதே பெயரால் ஒன்றாகக் குறிவைப்பதும் எளிதாயிற்று. ஆனால் அடியின் கனம் சமமாக இல்லை. நிலையான ஊதியமும் சங்கமும் உடையவர்களைவிட, தெருவில் கடை நடத்தியவர்களே அதை மிகுதியாக உணர்ந்தனர்.

மாட்டுங்காவின் தென்னிந்தியக் குடும்பங்கள் பின்னர் கலைந்ததற்கு அச்சம் மட்டும் காரணமன்று. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய குடியிருப்போரைக் காத்தது. அதே காரணத்தால் புதிய வாடகை வீடுகள் எழுவதும் அருகியது. அடுத்த தலைமுறைக்குச் சொந்த வீடு தேவைப்பட்டது. அது செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் கிடைத்தது. மாட்டுங்காவில் கச்சி, குஜராத்திக் குடும்பங்கள் பெருகின. ஆயினும் நிறுவனங்கள் இடம்பெயரவில்லை. 1952இல் தொடங்கப்பட்ட சண்முகானந்தா சபை 1963இல் தன் பேரரங்கைக் கட்டியது. 1990இல் தீக்கிரையான அவ்வரங்கு 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. வீடு வேறிடத்தில் இருந்தாலும் பூக்கட்டவும் வாழையிலை வாங்கவும் கச்சேரி கேட்கவும் மாட்டுங்காவுக்கே வருவோர் இன்றும் உள்ளனர். குடியிருப்பாகத் தொடங்கிய ஊர் பலருக்கு வழிபடுமிடமாக மாறியிருக்கிறது.

இப்போது அந்தப் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு உயர்மாடிகள் எழுகின்றன. பாதைக்கு அப்பால் தாராவியும் மறுசீரமைப்புத் திட்டங்களின் பிடியில் உள்ளது. நூற்றாண்டுக்கு முன்பு கேட்கப்படாத கேள்வி மறுபடியும் முன்னிற்கிறது: மேம்பாடு என்ற பெயரில் நிலம் வரையப்படும்போது, அந்த வரைபடத்தில் குடியாக எழுதப்படுவது யார், வெற்றிடமாக விடப்படுவது யார்? மாட்டுங்காவின் வரலாற்றை இட்லியும் மல்லிகையும் மணக்கும் நினைவுகளாக மட்டும் எழுதினால் இக்கேள்வி மறைந்துபோகும். நெல்வயல், சால், தனிக் குடியிருப்பு, லேபர் கேம்ப், ராஜகிருகம் ஆகிய ஐந்தையும் ஒரே வரலாற்றுக்குள் வைத்து எழுதும்போதுதான் ஒரு புறநகர் எவ்வாறு உருவானது என்பது முழுமையாக விளங்கும்.