ஊவாத் தோட்டங்களில் ஆசிரியர் உருவான கதை

பதுளையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், பசறைக்கும் பிபிலைக்கும் இடையே இருக்கிறது லுணுகலை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இப்பகுதியின் கல்வி வரலாற்றை எழுத முனைவோர், எந்தப் பாடசாலை எப்போது திறக்கப்பட்டது என்ற கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே கற்பித்தவர் யார், அவருக்குக் கற்பிக்கும் கலையைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்பதே முதன்மையான கேள்வி என நான் கருதுகிறேன்.

நமது சமூகத்துக்கு இக்கேள்வி புதிதன்று. 1884இல் கொழும்பில் முஸ்லிம் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை கண்ட அறிஞர் சித்திலெப்பை, கட்டடம் எழுப்பியதோடு அமையவில்லை. பாடநூல்களையும் தாமே எழுதினார். பின்னாளில் அளுத்கமையிலும் அட்டாளைச்சேனையிலும் முஸ்லிம் ஆசிரியர் கலாசாலைகள் தோன்றின. நம்மிடையே கல்வி வேரூன்றியதில் இக்கலாசாலைகளின் பங்கு பெரிது. பாடசாலை வந்தது, பின்னே ஆசிரியரும் வந்தார்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த இரண்டாவது கட்டம் நெடுங்காலம் வாய்க்கவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசின. நடைமுறையிலோ பெரும்பாலும் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர் என்பதே தோட்டப் பாடசாலை. எழுத வாசிக்கத் தெரிந்திருந்தால் அதுவே ஆசிரியத் தகுதி. 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டத்தின் வாசலில் நின்றுவிட்டது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே விடப்பட்டன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்ட மக்களை நாடற்றவராக்கியதால், தோட்டத்தில் பிறந்த இளைஞன் அரசாங்க ஆசிரியனாகும் வழியும் அடைபட்டது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1977 முதல் அவற்றின் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கீழ் வந்தன. கட்டடங்களைப் பொறுப்பேற்பது இலகு. ஆசிரியருக்கு எங்கே போவது? வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தமிழரும் முஸ்லிம்களுமாக ஆசிரியர்கள் வந்தார்கள். அவர்களுள் அர்ப்பணிப்போடு உழைத்தோர் பலர். ஆயினும் சொந்த ஊருக்கு இடமாற்றம் கிடைத்ததும் வகுப்பறை மறுபடி வெறிச்சோடியது.

இந்நிலையிற்றான் 1980களில் சுவீடன் அரசின் சீடா நிறுவன உதவியுடன் பதுளை மாவட்டத்தில் கல்வி அபிவிருத்தித் திட்டமொன்று நடைபெற்றது. அக்காலத்துப் பசறை கோணக்கலைத் தோட்டப் பாடசாலையின் வளர்ச்சியைப் பற்றி ஏஞ்சலா லிட்டில், சிவசிதம்பரம் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வு 1993இல் லண்டனில் வெளியான தொகுப்பொன்றில் இடம்பெற்றது. வளர்முக நாடுகளில் பயன்தரும் பாடசாலைகள் எவை என ஆராய்ந்த அத்தொகுப்பில் நம் மலைச்சரிவுப் பாடசாலை ஒன்று உலகத்துக்கு எடுத்துக்காட்டாயிற்று. அதிலிருந்து நான் பெறும் பாடம் இது: வெளியிலிருந்து வரும் பணமும் பயிற்சியும், அதிபர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோரின் முயற்சியோடு அப்பாடசாலைக்குள்ளேயே ஒன்றுசேரும்போதுதான் பலன் தருகின்றன.

1990களில், கொட்டகலைக்கு அண்மையில் பத்தனையில், ஜெர்மனியின் உதவியுடன் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. அங்கு பயின்ற தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டத்துக்கே ஆசிரியர்களாகத் திரும்பினார்கள். அளுத்கமையும் அட்டாளைச்சேனையும் நமக்குச் செய்ததைப் பத்தனை அவர்களுக்குச் செய்தது, காலந்தாழ்ந்துதான் செய்தது. ஆனால் 2015 அளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்கள் நியமிக்கப்பட்டபோது, முதலில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவே தரப்பட்டது. அது பின்னர் 10,000 ரூபாவாயிற்று. முதலில் வகுப்பறை, பிறகு பயிற்சி என்ற பழைய வழக்கம் முற்றாக மறையவில்லை என்பதற்கு இதுவே சான்று.

சேவைக்காலச் செயலமர்வுகள் இன்று குறைவில்லாமல் நடக்கின்றன. தமிழ்மொழி மூலம் என்ற ஒரே குடையின் கீழ் முஸ்லிம் பாடசாலை ஆசிரியரும் தோட்டப் பாடசாலை ஆசிரியரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்கிறார்கள். அப்படியான ஒரு செயலமர்வில் நானும் இருந்திருக்கிறேன். சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்த கையேடு. தரத்துக்கு ஓர் ஆசிரியர் உண்டு என்ற நினைப்பில் தயாரித்த குழுச் செயற்பாடு. மூன்று தரங்களை ஒரே மண்டபத்தில் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், “இதை நான் எந்தத் தரத்துக்குச் செய்வது, மற்ற இரண்டு தரத்தையும் என்ன செய்வது?” என்று கேட்டார். வளவாளர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். உண்மையில் அன்றைய தலைப்பு அந்தக் கேள்விதான். பல்தரக் கற்பித்தலில் இருபது வருட அனுபவமுள்ளவர் எதிரே அமர்ந்திருந்தார். எழுதிக்கொள்ள வேண்டியவர் வளவாளரே.

ஆசிரியரை ஆய்வாளராகவும் காணும் போக்கு இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. நமது ஆசிரியர்கள் பெயர் வைக்காமலே அதைச் செய்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளை கொழுந்துக் காலத்தில் வருவதில்லை, எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்ற விவரமெல்லாம் அவர்களது பாடக்குறிப்புக் கொப்பிகளில் இருக்கும். ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அக்கொப்பி கடைக்குப் பொட்டலம் கட்டப் போகிறது.

லுணுகலை, பசறை, மடுல்சீமைப் பகுதிகளில் கற்பித்து ஓய்வு பெற்றோர் பலர் இன்று கிழக்கிலும் மலையகத்திலும் வாழ்கிறார்கள். இச்சஞ்சிகையின் வாசகர் வீடுகளிலும் அத்தகையோர் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த செயலமர்வுக்கான கையேடு அங்கிருந்து எழுதப்படட்டும்.