இன்ஜினின் தட்டொலி

மேடேறும்போது பெட்ரோல் இன்ஜின் எழுப்பும் உலோகத் தட்டொலி, அதாவது பட்டறைகளில் நாக்கிங் எனப்படுவது, தொடக்கக் காலத்தில் பற்றவைப்பு அமைப்பின் குறையாகவே கருதப்பட்டது. 1912ஆம் ஆண்டின் காடிலாக் காரில் மின்சாரத் தொடக்கியையும் பேட்டரிப் பற்றவைப்பையும் புகுத்திய சார்லஸ் கெட்டரிங்கின் மீதும் அப்பழி விழுந்தது. அமெரிக்காவின் டேடன் நகரில் அவரும் தாமஸ் மிட்ஜ்லியும் ஆராய்ந்தபோது, குற்றவாளி எரிபொருளே எனத் தெரியவந்தது: தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன்பே, சிலிண்டரின் கோடியில் அழுந்திச் சூடேறிய கலவை தானாக எரிந்துவிட, அதன் அழுத்த அலை சுவரில் மோதுகிறது.

1921 டிசம்பர் 9 அன்று மருந்து கிடைத்தது. டெட்ராஎத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்ததும் தட்டல் அடங்கியது. ஆனால் 1924இல் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையொன்றில் தொழிலாளர் ஐவர் ஈய நஞ்சால் மாண்டனர். அந்தச் சாவுகளுக்குப் பின்னும் விற்பனை தொடர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் வெட்கக்கேடு. இந்தியா ஈயப் பெட்ரோலை 2000ஆம் ஆண்டில்தான் கைவிட்டது.

இன்றைய எஸ்யூவிகளில் சிலிண்டர் பிளாக்கில் பொருத்திய உணரி தட்டலை அதிர்வாக உணர்ந்து, தீப்பொறியின் நேரத்தைச் சற்றே பின்தள்ளுகிறது. எனினும் டேப்பெட்டின் இடைவெளி கூடியதா, பேரிங் தேய்ந்ததா என்றறிய, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றிப் பிடியைக் காதருகே அழுத்திக் கேட்கும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள்.