தன் மனைக்குத் தானே இட்ட தீ

தில்லித் தமிழராகிய நாம், நாடாளுமன்றத்தை அடுத்துள்ள ரகாப்கஞ்ச் குருத்துவாராவின் வெண்மாடங்களை எத்தனையோ முறை கடந்து சென்றிருக்கிறோம். ஒரு காலத்தில் அங்கே ஒரு வணிகரின் வீடு இருந்தது.

1675-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சீக்கியரின் ஒன்பதாம் குருவாகிய தேக்பகதூர், ஔரங்கசீப்பின் ஆணையால் சாந்தினி சௌக்கில் சிரச்சேதம் செய்யப்பட்டார். பின்னர் நிகழ்ந்ததைச் சீக்கிய மரபு இவ்வாறு கூறும்: பாய் ஜைதா என்னும் தொண்டர் சிரத்தை மறைத்து எடுத்துக்கொண்டு ஆனந்தபூர் சேர்ந்தார். உடலை லக்கி ஷா என்னும் வணிகர் தம் சரக்கு வண்டியில் ஏற்றி, ரைசினா சிற்றூரில் இருந்த தம் இல்லத்திற்குக் கொணர்ந்தார். வெளியே சிதை அடுக்கினால் காவலர் அறிந்துவிடுவர். ஆகவே உடலை உள்ளே கிடத்தி, வீட்டிற்கே தீயிட்டார். குருவுக்குச் செய்யும் ஈமக்கடன் அவருக்கு இறைத்தொண்டு. பொருள் ஈட்டுவதையே தொழிலாகக் கொண்டவர் செய்த செயல் இஃது என்பதையும் நாம் எண்ணுதல் வேண்டும்.

அரசர்க்கு உடனே கேடு விளைந்ததா? இல்லை. 1686-இல் பீஜப்பூரும், 1687-இல் கோல்கொண்டாவும் அவர் வசமாயின. 1698-இல் நம் செஞ்சிக் கோட்டையும் அவர் படைக்கு வீழ்ந்தது. 1707-இல் இறக்கும்வரை அவரே பேரரசர். ஆணையிட்டவரின் எல்லை விரிந்தது. அடியவரின் மனையோ சாம்பலாயிற்று. பலனை எண்ணிக் கணக்குப் பார்ப்பவராயின், லக்கி ஷா தீப்பந்தத்தைக் கையில் எடுத்திருக்கவே மாட்டார்.

1783-இல் பாகேல் சிங் சீக்கியப் படையுடன் தில்லிக்கு வந்து, அம்மனை இருந்த இடத்தில் குருத்துவாரா எழுப்பினார். வீடு எரிந்து அப்போது 108 ஆண்டுகள் ஆகியிருந்தன.