விவசாயிக்குத் தொழிற்சங்கம் எதற்கு?

வயலில் உழுபவருக்கு முதலாளி யார்? 1981-ல் போலந்தின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன கேள்வி இது!

கம்யூனிஸ்ட் நாடு என்றாலே நிலமெல்லாம் கூட்டுப்பண்ணை என்றுதான் நினைப்போம். போலந்து ஒரு விதிவிலக்கு. 1956-ல் கோமுல்கா ஆட்சிக்கு வந்ததும் அங்கே பெரும்பாலான கூட்டுப்பண்ணைகள் கலைந்துவிட்டன. விளைநிலத்தில் சுமார் நான்கில் மூன்று பங்கு தனி விவசாயிகளிடமே இருந்தது. ஆனால் என்ன பயன்? உரம், டிராக்டர், நிலக்கரி எல்லாம் அரசின் கையில். விளைச்சலை வாங்குவதும் பெரும்பாலும் அரசு, விலை வைப்பதும் அரசு. வாங்கப் போனாலும் விற்கப் போனாலும் எதிரே ஒரே ஆள்... இவரிடம் பேரம் பேசுவது எப்படி?

1980 ஆகஸ்டில் கடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம். அதிலிருந்து பிறந்த 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கம் நவம்பரில் பதிவானது. விவசாயிகளும் விண்ணப்பித்தார்கள். 1981 பிப்ரவரி 10 அன்று தீர்ப்பு வந்தது: விவசாயிகள் சொந்தத் தொழில் செய்பவர்கள், தொழிற்சங்கம் கிடையாது, வேண்டுமானால் கழகம் வைத்துக்கொள்ளலாம்!

கேட்க வெறும் பெயர்ச் சண்டை போலத்தான் இருக்கும். ஆனால் கட்சியின் பயம் வேறு. விவசாயிகளின் தொழிற்சங்கத்தை ஏற்றால், தனியார் நிலம் நிரந்தரம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஷெஷூஃப் நகரில் ஜனவரி முதல் ஒரு கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விவசாயிகள் கேட்டதும் அதைத்தானே! நிலவுடைமைக்கும் வாரிசுரிமைக்கும் அரசின் உத்தரவாதத்தைப் பிப்ரவரி ஒப்பந்தத்தில் வாங்கியும் விட்டார்கள். மார்ச்சில் போஸ்னான் மாநாட்டில், 1958-ல் பிறந்த யான் குவாய் என்ற இளைஞரைத் தலைவராக்கினார்கள்.

மார்ச் 19-ல் பிட்கோஷ்ச் நகரில் விவசாயிகள் பிரச்சினையைப் பேசப் போன சாலிடாரிட்டிக்காரர்களைப் போலீஸ் அடித்தது. 27-ம் தேதி நாடு முழுக்க நான்கு மணி நேர வேலைநிறுத்தம். லட்சக்கணக்கான தொழிலாளர்கள் இறங்கினார்கள். இத்தனைக்கும் விவசாயிக்கு விலை ஏறினால் தொழிலாளியின் இறைச்சிச் செலவும் ஏறும்! கணக்குப் பார்த்திருந்தால் இறங்கியிருக்க மாட்டார்கள்.

மே 12-ல் தொழிற்சங்கமாகவே பதிவு கிடைத்தது. ஏழே மாதம்... டிசம்பர் 13-ல் ராணுவச் சட்டம் வந்தது. 1982 அக்டோபரில் மற்ற சங்கங்களோடு இதுவும் சட்டப்படி கலைக்கப்பட்டது. மீண்டும் பதிவு செய்ய 1989 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.