விளக்கு கொடுத்தார்கள், காற்றை மறந்தார்கள்

திருச்சியிலிருந்து மதுரை போகும் சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். பத்தாம் நூற்றாண்டில் இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் இரண்டு அரசிகளின் பெயரிலும் எழுப்பிய மூவர் கோயில் அங்கே இருக்கிறது. மூன்று விமானங்களில் இரண்டுதான் இன்று நிற்கின்றன. மே மாத நண்பகலில் விமானத்தின் நிழல் விழும் பக்கம் கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு ஒரு கொடையைச் சொல்கிறது. மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்கு ஒரு பெரிய மடம், ஐம்பது துறவிகளின் சாப்பாட்டுக்குப் பதினொரு ஊர்கள்.

ஐம்பது பேர் நிழலில் உட்கார்ந்து உண்ணப் பதினொரு ஊர் வெயிலில் உழைத்தது. அந்த ஊர்களில் நாற்று நட்ட கைகளின் பெயர் கல்லில் இல்லை.

அன்று மாலை பக்கத்தில் ஒரு காலனிக்குப் போயிருந்தேன். இரவு ஒன்பது மணி. வெளியே லேசாகக் காற்று வந்துவிட்டது, ஆனால் தொகுப்பு வீட்டின் உள்ளே கால் வைத்தால் அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஆண்கள் எல்லாம் தெருவில் பாய் விரித்திருந்தார்கள். பெண்கள் உள்ளே இருந்தார்கள். ஒரு பாட்டி சொன்னது இது: "பொம்பளப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்கன தம்பி வெளிய படுக்கிறது? பேரப்புள்ள தூங்குற வரைக்கும் ஃபேன் ஓடும். தூங்குனதும் நிப்பாட்டிருவேன். பில்லு யாரு கட்டுறது?"

அந்தப் பாட்டி ஃபேனை நிறுத்தும் அந்த நொடிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பேசப் போகிறேன்.

அரசு கொடுத்த முதல் குளிர்ச்சி யாருக்கு?

ஏழைக்கு மின்சாரச் சலுகை என்று சொன்னாலே 'இலவசம்' என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பழைய சென்னை மாகாணத்தை ஞாபகப்படுத்துங்கள். வெள்ளைக்கார அதிகாரிகளின் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் கூரையில் பெரிய துணி விசிறி தொங்கும். அதன் கயிற்றை வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு கூலியாள் நாள் முழுக்க இழுப்பார். பங்கா இழுப்பது என்று அதற்குப் பெயர். துரைக்கு வேர்க்காமல் இருக்க அந்தக் கூலியை அரசாங்கம் கொடுத்தது. கோடை வந்தால் மாகாண அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறியது. சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸில், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி விற்கப்பட்டது. இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று சொல்கிறோமே, அதே கட்டடம்தான்.

ஆக, கோடையைத் தணிக்கும் செலவை அரசு ஏற்பது புதிய யோசனை அல்ல. அந்தச் செலவு மேலே இருப்பவர்களுக்குத்தான் முதலில் போனது. கயிற்றை இழுத்தவருக்கு விசிறி இல்லை.

அம்பேத்கர் பார்த்த மின்சாரம்

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு மட்டும் நிறுத்திவிடுகிறோம். 1942 முதல் 1946 வரை அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். மின்சாரமும் பாசனமும் அவர் கையில் இருந்தன. 1943 அக்டோபர் 25 அன்று, போருக்குப் பிந்தைய மின்சார வளர்ச்சி பற்றிய குழுக் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரையைத் தேடிப் படியுங்கள். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும், அது இல்லாமல் தொழில்மயமாக்கம் நடக்காது, தொழில்மயமாக்கம் இல்லாமல் இந்நாட்டு மக்கள் வறுமைச் சுழலிலிருந்து வெளியே வர முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். மின்சாரத்தை அவர் மனித விடுதலையின் கணக்கில் வைத்தார்.

சுதந்திர இந்தியா அதை வேறு கணக்கில் வைத்தது. 1997 வரை இருந்த விதிப்படி, ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அந்தக் கிராமம் 'மின்மயமான கிராமம்'. ஒரு பண்ணையாரின் கிணற்றில் மோட்டார் ஓடினால் சேரிக்கும் சேர்த்துக் கணக்கு முடிந்துவிடும். குடியிருப்புப் பகுதியோடு தலித் குடியிருப்பிலும் மின்மாற்றியும் கம்பியும் போயிருக்க வேண்டும், பத்தில் ஒரு வீட்டுக்காவது இணைப்பு இருக்க வேண்டும் என்று விதி மாறியது 2004இல்தான். 'தலித் பஸ்தி' என்ற சொல் அந்த விதிக்குள் நுழைய, சுதந்திரத்துக்குப் பிறகு 57 ஆண்டுகள் ஆயின.

நாற்பது வாட் மனிதர்கள்

தமிழ்நாடு இதில் முன்னே ஓடிய மாநிலம் என்பதை மறுக்கக் கூடாது. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் குடிசைக்கு ஒரு விளக்குத் திட்டம் வந்தது. ஒன்றிய அரசு 1988-89இல்தான் 'குடிர் ஜோதி' என்று அதே போன்ற ஒன்றைத் தொடங்கியது. சிம்னி விளக்கில் படித்த ஒரு தலைமுறையை பல்புக்கு அடியில் உட்கார வைத்த திட்டம் அது. நம் தோழர்களில் பலருடைய அப்பா, அம்மா அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள்.

ஆனால் அந்தத் திட்டத்தின் விதியைப் படித்திருக்கிறீர்களா? மின்கட்டண ஆணையில் 'குடிசை' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. 250 சதுர அடிக்கு மிகாத வீடு. மண் சுவர், கீற்று, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், தகரம் என்று அடுக்கிக்கொண்டே போய், காமராஜர் ஆதிதிராவிடர் வீட்டுவசதித் திட்டத்தில் கட்டிய வீடுகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறது. சாதியின் பெயர் ஒரு கட்டண வகைக்குள்ளே இருக்கிறது. அந்த வீட்டுக்கு அனுமதி நாற்பது வாட்டுக்கு மிகாத ஒரே ஒரு விளக்கு.

2006இல் கலைஞர் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது, குடிசை இணைப்பில் அந்த டிவியும் அனுமதிக்கப்பட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, அவையும் பட்டியலில் சேர்ந்தன. இதற்கு மேல் எதையாவது மாட்டினால் குடிசை இணைப்பு போய் மீட்டர் வந்துவிடும்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் விளக்கு. பிறகு டிவி. அதற்கும் பிறகுதான் காற்று. பல பத்தாண்டுகளாக, விதிப்படி, குடிசையில் ஒரு டேபிள் ஃபேன் கூட ஓடக் கூடாது. வெயிலில் களை எடுத்து, செங்கல் சூளையில் வெந்து, சாலையில் தார் ஊற்றி வருகிறவருக்கு ராத்திரி காற்று தேவைப்படும் என்று எந்தக் கோப்பிலும் யாருக்கும் தோன்றவில்லை. ஃபேனை வசதி படைத்தவரின் பொருளாகத்தான் அரசு பார்த்தது.

தீயிலிருந்து தப்பித்த கூரை

கூரைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள், பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர், ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அதற்குப் பிறகும் தமிழ்நாட்டில் சாதிக் கலவரம் என்றால் முதலில் எரிவது சேரியின் கீற்றுக் கூரைதான். அதனால் கான்கிரீட் வீடு என்பது நமக்கு வெறும் வசதி அல்ல, உயிர்ப் பாதுகாப்பு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கென்று 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தபோதும், 2010இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவதாகக் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தபோதும் நம் மக்கள் வரவேற்றது அதனால்தான். கீற்றுக்குத் திரும்புங்கள், அதுதான் இயற்கை, அதுதான் குளிர்ச்சி என்று நகரத்திலிருந்து வந்து அறிவுரை சொல்பவர்களுக்கு நம் பதில்: கீற்று எரிந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆனால் எரியாத கூரை சுடாத கூரை ஆகிவிடாது. பகல் முழுக்கக் கான்கிரீட் தளம் சூட்டை உறிஞ்சுகிறது. வெளியே குளிர ஆரம்பிக்கும்போது, அதே சூட்டை வீட்டுக்குள் இறக்குகிறது. நடுத்தர வர்க்க வீடுகளில் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, தட்டோடு பதிப்பார்கள். நான் பார்த்த பெரும்பாலான தொகுப்பு வீடுகளில் தளம் மொட்டையாகவே நிற்கிறது. ஒற்றை அறை, ஒரு சின்ன ஜன்னல், தலைக்குப் பக்கத்தில் தளம்.

2011இல் அறிவித்த சூரிய ஒளி பசுமை வீடு இதற்கு நல்ல சாட்சி. 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், ஒதுக்கீட்டில் 29 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கு. கூரை மேல் சூரியத் தகடு. அதிலிருந்து எரிவது ஐந்து சி.எஃப்.எல். விளக்குகள்: படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என்று இடத்துக்கு ஒன்று. கழிப்பறைக்கு விளக்கு உண்டு, தூங்கும் அறைக்கு அந்தத் தகட்டிலிருந்து ஃபேன் இல்லை. அதே வெயிலைப் பிடித்து வெளிச்சமாக்கத் தெரிந்த திட்டத்துக்கு அதைக் காற்றாக்கத் தோன்றவில்லை. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி தருகிறது. முன்னேற்றம்தான். அந்தத் தளத்தின் மேல் என்ன பூசப்போகிறோம் என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நூறு யூனிட் கணக்கு

2016 மே மாதத்திலிருந்து எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நல்ல திட்டம். அதைக் கைவைக்க விடக் கூடாது. ஆனால் கோடையில் அது என்ன ஆகிறது என்று பென்சிலும் தாளும் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

சாதாரணச் சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். அறுபது நாளில் 54 யூனிட். இரண்டு ஃபேன் என்றால் 108. விளக்கு, டிவி, மிக்ஸி எதையும் தொடாமலே இலவசம் தீர்ந்துவிட்டது. இன்னொரு பக்கம், ஒரு ஏசி மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால் இரவு எட்டு மணி நேரத்துக்கு 8 யூனிட், அறுபது நாளில் 480. அந்த மாளிகைக்கும் அதே 100 யூனிட் இலவசம். மார்கழியிலும் அதே 100, சித்திரையிலும் அதே 100. வாடகை வீட்டில் இருப்பவரின் கதை இன்னும் மோசம். மீட்டர் வீட்டுக்காரர் பெயரில், யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் விலை. எல்லாருக்கும் சமமாகக் கொடுப்பது வேறு, சமத்துவம் வேறு என்று அம்பேத்கரிய இயக்கத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

செத்த பிறகா, சாவதற்கு முன்பா?

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வெப்ப அலை 700 பேருக்கு மேல் கொன்றது. இறந்தவர்களில் முதியவர்கள், ஏழைகள், தனியாக வாழ்ந்தவர்கள் அதிகம். கறுப்பின மக்கள் அதிகம். அங்கே 1981 முதலே ஏழை வீடுகளின் எரிசக்திச் செலவுக்கு ஒன்றிய அரசின் உதவித் திட்டம் உண்டு. ஆனால் அதன் பணத்தில் பெரும் பங்கு குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கத்தான் போனது. 2018இல் அரிசோனாவில் 51 டாலர் பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்ட 72 வயதுப் பெண் ஒருவர் வீட்டுக்குள்ளேயே இறந்தார். மக்கள் கொதித்தெழுந்த பிறகு, ஜூன் முதல் அக்டோபர் நடுவரை அங்கே பாக்கிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது என்று விதி வந்தது. நம் நாட்டில் 2010 மே மாத வெப்பத்தில் அகமதாபாத்தில் ஆயிரத்துக்கு மேல் கூடுதல் மரணங்கள். அதிலிருந்து பிறந்தது 2013இன் வெப்பச் செயல்திட்டம். பிறகு அங்கே ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கினார்கள்.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்போம். ஆனால் செத்த பிறகு 4 லட்சம் கொடுக்கும் அரசு, சாகாமல் இருக்க ஒரு கோடைக்கு 100 யூனிட் கூடுதலாகக் கொடுக்கக் கூடாதா? பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது அடிப்படை உரிமை என்று 2024 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஏப்ரல் மாதம் உங்கள் ஊர்க் காலனியில் இருபது வீடு ஏறி இறங்குங்கள். கூரை என்ன, ஃபேன் எத்தனை, குடிசை இணைப்பா மீட்டரா, தை மாத பில் எவ்வளவு, சித்திரை பில் எவ்வளவு என்று எழுதுங்கள். ஒரு சாதாரண வெப்பமானி வாங்கி, இரவு ஒன்பது மணிக்கு வீட்டின் உள்ளும் வெளியும் அளந்து குறியுங்கள். அந்தத் தாளோடு கிராம சபைக்குப் போங்கள். கேட்க வேண்டியவை நான்கு. ஏப்ரல் முதல் ஜூன் வரை குடிசைக்கும் தொகுப்பு வீட்டுக்கும் கூடுதல் இலவச யூனிட். அந்த மாதங்களில் பாக்கிக்காக மின்துண்டிப்பு கூடாது. பழைய தொகுப்பு வீடுகளின் தளத்துக்கு சுருக்கி அல்லது வெள்ளைப் பூச்சு. குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஃபேன். பணம் எங்கே என்று கேட்டால், 2024இல் நிறைவேறிய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தைக் காட்டுங்கள். நம் பங்கு நிதியை நமக்கே செலவழிக்கத்தான் அந்தச் சட்டம்.

வேங்கைவயல் இருக்கும் மாவட்டம் இது. 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த மாவட்டம். தண்ணீருக்கே போராட வேண்டியிருக்கும்போது காற்றுக்கா என்று சிலர் கேட்பார்கள். தண்ணீரும் காற்றும் நிழலும் ஒரே உரிமையின் வெவ்வேறு பெயர்கள்தான். கொடும்பாளூர்க் கல்வெட்டில் நம் பெயர் இல்லை. அரசின் மின்கட்டண ஆணையில் நாற்பது வாட்டாக இருக்கிறோம். அந்தப் பாட்டி விடியும்வரை ஃபேனை நிறுத்தாமல் தூங்கும்வரை இந்தக் கணக்கை விடக் கூடாது.

ஜெய் பீம்.